தோட்டத்துக் கோடியில் உனக்கு ஒரு வீடு

ஹாதர்பி,
வியாழக்கிழமை. மழை.

அன்புத் தங்கை வின்னிக்கு,

உன் அண்ணன் ரெஜி சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஆட்ரியும் உடம்பைப் பொறுத்தவரை சுகம். மற்றதைப் பொறுத்தவரை விவரம் கீழே வருகிறது. கனடாவில் நீயும் உன் இரண்டு முழங்கால்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மணிக்கயிறு இழுக்கும்போது நினைத்துக்கொண்டேன். பெர்சியின் கல்லறைக்குக் கல் வைத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். தங்கமான மாப்பிள்ளை. என்னோடு ஒரே ஒரு தடவைதான் வாக்குவாதம் செய்தார், அதுவும் பன்றி இறைச்சிக்குக் கடுகு போடலாமா கூடாதா என்பது பற்றி. அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

"கவுன்சில் என்ன சொல்லுது அண்ணா, எனக்கு வீடு உண்டா இல்லையா, சுத்தி வளைக்காம ஒரே வரியில எழுது" என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் எழுதலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதினால் மிச்ச வரிகளை மிஸ் பின்னக் உனக்கு எழுதிவிடுவாள். அவள் உனக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறவள், அதில் இடமும் மிச்சம் வைக்காதவள். ஆகையால் நடந்தது நடந்தபடி வரிசையாகச் சொல்கிறேன். ஆயுள் முழுக்க ரயில்வே சிக்னல் கேபினில் இருந்தவனுக்கு வண்டிகளை வரிசை மாற்றி விட வராது.

பெர்சி கண்ணை மூடிய வாரம் நீ டெலிபோனில் அழுதாய். நீ அழுது நான் கேட்டதில்லை. சின்ன வயதில் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து கை உடைந்தபோதுகூட என்னைத் திட்டினாயே தவிர அழவில்லை. அதனால் முன்பின் யோசிக்காமல், "அழாதே, எல்லாத்தையும் வித்துட்டு வந்துடு, தோட்டத்துக் கோடியில உனக்கு ஒரு வீடு கட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். நீயும் விற்றுவிட்டாய். மே மாதம் விமானத்துக்குச் சீட்டும் வாங்கிவிட்டாய். அதன் பிறகுதான் தோட்டத்தில் வீடு கட்டக் கவுன்சிலைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. கவுன்சில் முடியாது என்று சொல்லிவிட்டால் என் தங்கை இரண்டு பெட்டியோடு வந்து எங்கே நிற்பாள் என்ற யோசனையும் அப்போதுதான் வந்தது. வீட்டுக்குள்ளேயே இடம் கொடுக்கலாமே என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் தூங்குகிறோம். இன்னொன்றில் வெந்நீர்த் தொட்டியும் ஆட்ரியின் தையல் மெஷினும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கீழே முன்னறையில் ரயில் ஓடுகிறது. ஆகவே இடம் இல்லை.

ரயில் என்றால், நான் ஓய்வுபெற்ற பிறகு கட்டிய மாதிரி ரயில். மூன்று ஸ்டேஷன், ஒரு சுரங்கம், ஒரு சரக்குக் கொட்டகை, சுவருக்குச் சுவர் பலகை போட்டு, நடுவில் ஒரு ஆள் நிற்க ஓட்டை. அந்த ஆள் நான். விருந்தாளி வந்தால் சமையலறையில் உட்கார்வார்கள், யாரும் குறை சொன்னதில்லை. ஆட்ரியும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கட்டக் கட்டக் கதவோரம் வந்து நின்று, "நல்லா இருக்கு ரெஜி" என்றுதான் சொல்வாள். தோட்டத்து வீட்டைப் பற்றிச் சொன்னபோதும் அதேதான். "தோட்டத்துலயா?" என்றாள். "ஆமா, உரக்குழிக்கு இந்தப் பக்கம்" என்றேன். "வின்னிக்கா?" "பின்ன யாருக்கு?" கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கை உரித்தாள். அப்புறம் "நல்லா இருக்கு ரெஜி" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வரைபடம் போட டன்ஸ்டன் என்று ஒருவரைப் பிடித்தேன். அவர் பன்றிக் கொட்டில்கள் வரைவதில் பெயர் போனவர். ஒரு படுக்கையறை, ஒரு சின்னக் கூடம், சமைக்க மூலையில் இடம், எல்லாம் அழகாகத்தான் வரைந்தார், கதவு மட்டும் பன்றிக்குத் தேவையான அகலத்தில் இருந்தது. அதைத் திருத்தினோம். விண்ணப்பத்தோடு ஒரு வரைபடம் வைத்து, நம் நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட வேண்டும் என்பது விதி. டன்ஸ்டனுக்குக் கண் சரியில்லை, எனக்குப் பொறுமை சரியில்லை, கோட்டை நானே போட்டேன். போட்டு அனுப்பி மூன்றாம் வாரம் அடுத்த வீட்டு ஹார்க்கர் வேலி மேல் எட்டிப் பார்த்து, "ரெஜி, என்னோட ருபார்ப் செடி மேல வீடு கட்டப் போறியாமே, கவுன்சில்லேர்ந்து கடுதாசி வந்திருக்கு" என்றான். கோடு வேலியைத் தாண்டி ஒரு கெஜம் அவன் பக்கம் போயிருந்தது. அசடு வழிந்தேன். "கோடுதான் ஹார்க்கர், வீடு இல்ல" என்றேன். "கோடுன்னாலும் என் ருபார்ப் மேல போகுதே" என்றான். அவன் கோபப்படவில்லை, நம் ஊரில் யாரும் கோபப்படுவதில்லை. "ஒண்ணும் பரவால்ல, நல்ல யோசனைதான், தங்கச்சி வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் கவுன்சிலுக்கு ஆட்சேபணை எழுதினான். நானும் கோட்டைத் திருத்தி, கட்டணத்தைக் கட்டி, முதலிலிருந்து அனுப்பினேன்.

பிறகு நம் கேட் ஓரத்து விளக்குக் கம்பத்தில் மஞ்சள் நோட்டீஸ் கட்டினார்கள். இன்னார் இன்ன இடத்தில் வீடு கட்ட விண்ணப்பித்திருக்கிறார், ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்று. கட்டிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. எழுத்து கரைந்தால் நமக்கு நல்லது என்று நான் பேசாமல் இருந்தேன். ஆட்ரிதான் ரொட்டி சுற்றும் பிளாஸ்டிக் தாளைக் கொண்டுபோய் நோட்டீஸைச் சுற்றி ஒட்டிவிட்டு வந்தாள். "எல்லாரும் படிக்கணும்ல" என்றாள். நேர்மையான பெண்பிள்ளை என்று பெருமைப்பட்டேன். படித்தவர்கள் எல்லோரும் தபால் ஆபீஸ் வரிசையில் என் கையைக் குலுக்கினார்கள். "அருமையான யோசனை ரெஜி." "தங்கச்சிக்கு நீ ஒருத்தன் இருக்கியே ரெஜி." குலுக்கிய கை ஈரம் காய்வதற்குள் ஹார்க்கருக்குப் பின்னால் மிஸ் பின்னக் எழுதினாள், அவள் மாடிப்படியில் நின்று சர்ச் கோபுரத்தைப் பார்க்கும்போது உன் புகைபோக்கி குறுக்கே வரும் என்று. பாதிரியார் வீட்டம்மா எழுதினார், ஊரின் லட்சணம் கெட்டுவிடும் என்று. நான் இதையெல்லாம் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நீ போய் முப்பது வருஷம் ஆகிறது, அங்கே எப்படியோ தெரியாது, இங்கே மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதற்குத்தான் கவுன்சில் இருக்கிறது. ஹார்க்கர் கண்ணாடி அறை கட்டியபோது நானும்தான் ஆட்சேபணை எழுதிப் போட்டேன், போட்டுவிட்டு வந்து அவனுக்கு ஏணியும் இரவல் கொடுத்தேன்.

என்னை உறுத்தியது நாலாவது ஆட்சேபணை. விண்ணப்பத்தைக் கவனிக்கிற அதிகாரி மிஸ் லோரிமர், சின்னப் பெண், நல்ல குரல். அவள்தான் டெலிபோனில், "இன்னிக்கு இன்னொண்ணு வந்திருக்கு சார், மொத்தம் நாலு" என்றாள். யார் என்று கேட்டேன். "ஆபீஸுக்கு வந்தா பாத்துக்கலாம் சார், எல்லாருக்கும் பொதுதான்" என்றாள். போய்ப் பார்ப்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. யார் யார் எழுதினார்கள் என்று போய்த் தோண்டிப் பார்ப்பது பக்கத்து வீட்டுக் கொடியில் தொங்கும் துணிகளை எண்ணுவது மாதிரி. ஆட்ரியிடம் கேட்டேன். அவள் தையல் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, "போகாதீங்க ரெஜி, பாத்தா நல்லா இருக்காது" என்றாள். "யாரா இருக்கும்னு நினைக்கிற?" என்றேன். "யாரோ உங்க நல்லதுக்குத்தான் எழுதியிருப்பாங்க" என்றாள். இவளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன் வின்னி. உண்மையிலேயே நினைத்தேன்.

நான் பிக்ஸ்பிதான் என்று முடிவு கட்டினேன். காரணம், கை குலுக்காதவன் ஊரில் அவன் ஒருத்தன்தான். சர்ச்சில் மணி அடிக்கிற எங்கள் கூட்டத்தில் எனக்கு முந்தின மணி அவனுடையது. உனக்குத் தெரியும், கோபுரத்தில் ஆறு மணிகள், ஆறு பேர், முந்தினவன் கயிறு கீழே வருவதைக் கண்ணால் பார்த்துத்தான் அடுத்தவன் இழுக்க வேண்டும். நான் பிக்ஸ்பியைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு குத்துமதிப்பாக இழுத்தேன். விளைவு, பண்ணைக்காரர் மகள் கல்யாணத்துக்கு அடித்த மணி, சமையல்காரன் பாத்திரத்தோடு மாடிப்படியில் உருண்டது மாதிரி கேட்டதாம். பெண்ணின் தாயார் அழுதுவிட்டாராம். கீழே இறங்கியதும் பிக்ஸ்பி, "உடம்பு சரியில்லையா ரெஜி?" என்றான். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனுஷங்கதான் சரியில்ல" என்றேன். மறுநாள் வாசலில் ஒரு சரம் வெங்காயம் தொங்கியது, அவன் தோட்டத்து வெங்காயம். திருப்பிக் கொண்டுபோய் அவன் வாசலில் மாட்டினேன். அடுத்த நாள் வெங்காயத்தோடு ஒரு பூசணியும் சேர்ந்து வந்தது. ஆட்ரி அதைச் சூப் வைத்துவிட்டாள். "அவரு என்ன பாவம் பண்ணாரு?" என்று கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சூப்பைத்தான் பார்த்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆட்சேபணை நாலு வந்துவிட்டதால் அதிகாரி மட்டும் முடிவு செய்ய முடியாது, கமிட்டி முடிவு செய்ய வேண்டும், அதற்கு முன்னால் கமிட்டி இடத்தைப் பார்க்க வரும் என்று தகவல் வந்தது. வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல மழை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் நம் தோட்டத்துக் கோடியில் நின்று நான் அடித்து வைத்த முளைக்குச்சிகளைப் பார்த்தது. விண்ணப்பக்காரரோடு பேசக் கூடாது என்பது அவர்களுக்கு விதியாம். "குட்மார்னிங்" என்றேன், எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். தேநீர் கொண்டுவரட்டுமா என்றேன், யாரோ லஞ்சம் நீட்டியது மாதிரி மிஸ் லோரிமர் ஓடி வந்து, "வேணாம் சார், ப்ளீஸ்" என்றாள். தலையில் நீர் சொட்டச் சொட்ட ஊமைகளாக நின்றார்கள். ஹார்க்கர் தன் ருபார்ப் பக்கத்தில் குடையோடு துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான். அப்புறம் தொப்பி போட்ட ஓர் அம்மாள், கவுன்சிலர் ஸ்டாடர்ட், அவசரமாக உள்ளே போக வேண்டும் என்று சைகை காட்டினார். அதை விதி தடுக்கவில்லை. ஆட்ரிதான் கூட்டிக்கொண்டு போனாள். போனவர் வெகுநேரம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் முன்னறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் நிற்கிறார்கள். "நல்ல வெளிச்சமான அறை" என்று கவுன்சிலரம்மா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதால் விதிப்படி சரி. ஆட்ரி, "காலையில இன்னும் நல்லா வெயில் வரும்" என்றாள். அவர்களுக்கு ரயிலில் ஆர்வம் என்று நினைத்து, நான் ஓட்டைக்குள் குனிந்து போய் பால் ரயிலை ஒரு சுற்று விட்டுக் காட்டினேன்.

கமிட்டிக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. ஆட்சேபிக்கிறவருக்கு மூன்று நிமிஷம், விண்ணப்பக்காரருக்கு மூன்று நிமிஷம் பேச்சு. நான் பேச்சை எழுதி, கோழிகள் முன்னால் நின்று நாலு தடவை பேசிப் பார்த்தேன். ஆட்ரி என் சட்டையை இஸ்திரி போட்டாள், டையைக் கட்டிவிட்டாள், முட்டை வைத்து சாண்ட்விச் செய்தாள். தானும் நல்ல கோட்டு போட்டுக்கொண்டாள், தொப்பிகூட. "நீ எதுக்கு இவ்வளவு?" என்றேன். "நாலு பேர் பாப்பாங்கல்ல" என்றாள். பஸ்ஸில் போனோம். கூட்ட மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பின் வரிசையில் பிக்ஸ்பி உட்கார்ந்திருந்தான். பேசட்டும், அவன் மூன்று நிமிஷத்தைப் பார்க்கிறேன் என்று திரும்பி அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் காகிதத்தைப் புரட்டி, "இந்த விண்ணப்பத்தை ஆட்சேபிச்சுப் பேச ஒருத்தர்தான் பேர் கொடுத்திருக்காங்க. மிஸஸ் ஆட்ரி ஓல்ட்ராய்டு" என்றார்.

ஓல்ட்ராய்டு என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் இன்னொரு ஆட்ரி இருக்கிறாளா என்று யோசித்தேன் வின்னி. அதற்குள் என் மடியில் ஒரு கைப்பை வந்து விழுந்தது. "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று சொல்லிவிட்டு என் சம்சாரம் எழுந்து முன்னால் போனாள்.

தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "விண்ணப்பக்காரருக்கு நீங்க சொந்தமாம்மா?"

"சம்சாரம்."

"நீங்க ஆட்சேபிக்கறது அவருக்குத் தெரியுமா?"

"இப்பத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் ஆட்ரி.

அவள் கையில் காகிதம் இல்லை. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வரைபடம் நல்லாத்தான் இருக்குங்க. அதுல நான் குறை சொல்ல மாட்டேன். வரப் போறது என் நாத்தனார். முப்பது வருஷம் கழிச்சு வர்றா. புருஷனைப் பறிகொடுத்துட்டு வர்றா. அவளைக் கொண்டுபோய்த் தோட்டத்துக் கோடியில, உரக்குழி பக்கத்துல வைக்கறதுக்கு அவ என்ன புல் வெட்டற மெஷினா? எங்க வீட்டுல முன்னறை இருக்கு. கீழ் அறை, படி ஏற வேணாம், பெரிய ஜன்னல். அதுல ரயில் ஓடுது. ரயிலுக்கு எதுக்குங்க ஜன்னல்? அது என்ன வெளியில எட்டியா பாக்குது?"

கவுன்சிலர் ஸ்டாடர்ட் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா," என்றார் தலைவர், "இதெல்லாம் கட்டட அனுமதிக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. நிழல், வடிகால், வண்டி போற பாதை, இந்த மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"வடிகால் நல்லா இருக்கு. நிழலும் விழாது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப இங்க எதுக்கும்மா வந்தீங்க? வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுலதான் முப்பத்தெட்டு வருஷமா இருக்கேன்" என்றாள். "வாய் வரல. ஒருத்தருக்கு ஒண்ணு பிடிக்கலேன்னா உங்களுக்குத்தானே எழுதறாங்க எங்க ஊர்ல. நானும் எழுதிட்டேன்."

மணி அடித்தார்கள். அவள் வந்து உட்கார்ந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள். அடுத்து என் மூன்று நிமிஷம். எழுந்து போனேன். கோழிகள் முன்னால் தண்ணி பட்ட பாடாக வந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. "வடிகால் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அதில் மட்டுமாவது எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை என்று தலைவர் குறித்துக்கொண்டார். கையைத் தூக்கச் சொன்னார். கவுன்சிலர் ஸ்டாடர்ட் தவிர எல்லோரும் தூக்கினார்கள். அனுமதி. கூரை ஓட்டின் நிறத்தை முன்கூட்டிக் காட்ட வேண்டும், குருவி கூடு கட்டும் காலத்தில் வேலியை வெட்டக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆக, நீ கேட்ட ஒரு வரி இதுதான்: வீடு உண்டு.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பிக்ஸ்பி வந்தான். "உனக்காகக் கை தட்டலாம்னு வந்தேன் ரெஜி, ஆனா எப்பத் தட்டறதுன்னு தெரியல" என்றான். அன்றைக்குத் தபால் ஆபீஸில் அவன் கை குலுக்காதது, விரலில் தேனீ கொட்டியிருந்ததால். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், பூசணி நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். பஸ்ஸில் ஆட்ரி மிச்ச சாண்ட்விச்சைப் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள். "ஜெயிச்சுட்டீங்க" என்றாள். "ஆமா" என்றேன். "நல்லா இருக்கு ரெஜி" என்றாள். அதன் பிறகு இன்று வரை அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து என்று மட்டும் பேசிக்கொள்கிறோம்.

ஆகவே நீ ஒன்றும் கவலைப்படாமல் கிளம்பி வா. கொத்தனார் திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட வருகிறார். வீடு முடியும் வரை தையல் மெஷினுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் நடுவில் உனக்கு ஒரு மடக்குக் கட்டில் போடுகிறேன், ஒருக்களித்துப் படுத்தால் போதுமான இடம். உன் ஜன்னல் திரைக்கு என்ன துணி வேண்டும் என்று எழுது. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன், பழைய தொப்பி போட்டிருப்பேன், அடையாளம் தெரியும். வழியில் உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்க ஆண்டவன் துணை இருப்பார். உன் முழங்கால்களுக்கு என் அன்பு. ஹார்க்கர், மிஸ் பின்னக், பாதிரியார் வீட்டம்மா எல்லோரும் உன்னை மிகவும் எதிர்பார்ப்பதாகச் சொல்லச் சொன்னார்கள், நீ நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

என்றும் உன் நலம் நாடும் அண்ணன்,
ரெஜினால்டு ஓல்ட்ராய்டு

பின்குறிப்பு (சனிக்கிழமை): மேலே எழுதியதில் வீட்டைப் பற்றிய பகுதி எதையும் பொருட்படுத்தாதே. திரைத் துணியும் வாங்காதே. வியாழக்கிழமை இதை எழுதி முடித்து உறையில் போடும் முன், புது லைனைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் விடுவது ரயில்வேயில் வழக்கம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மடக்கு நாற்காலியும் ஒரு கோப்பைத் தேநீரும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோடிக்குப் போய், உன் கூடம் வரப்போகிற இடத்தில், முளைக்குச்சிகளுக்கு நடுவில், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போய்ச் சேர்வதற்குள் தேநீரில் பாதி மழைத் தண்ணீர். அங்கிருந்து நம் வீடு தெரிகிறது. சமையலறையில் விளக்கு எரிகிறது, ஆட்ரி மேஜைமேல் தட்டு வைக்கிறாள், ரேடியோவில் ஏதோ கேட்டுச் சிரிக்கிறாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கை ஆட்டினேன், அவள் பார்க்கவில்லை. வின்னி, என்னால் அங்கே ஐந்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. உன்னை எத்தனை வருஷம் உட்கார வைக்கப் பார்த்தேன் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது.

நேராக உள்ளே வந்து மிஸ் லோரிமருக்கு டெலிபோன் செய்தேன். வீடு வேண்டாம், அதே இடத்தில் என் ரயிலுக்கு ஒரு கொட்டகை போட வேண்டும், அதற்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று கேட்டேன். "கொட்டகைக்கு அனுமதியே வேணாம் சார். அந்த அளவுக்கெல்லாம் யாரையும் கேக்க வேண்டியதில்ல. நாளைக்கே போட்டுக்கலாம்" என்றாள். "அப்ப இத்தனை மாசம் நாங்க பட்ட பாடு?" என்றேன். "வடிகால் நல்லா இருக்குன்னு உறுதியாயிடுச்சே சார்" என்றாள்.

நேற்றும் இன்றும் நானும் பிக்ஸ்பியும் முன்னறையைக் காலி செய்தோம். பலகை கதவு வழியாக வரவில்லை, அறுக்க வேண்டியதாயிற்று. அறுத்தபோது பிக்ஸ்பி தொப்பியைக் கழற்றிக்கொண்டான். சாயங்காலம் வெறும் அறையில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஆட்ரி வந்து கதவோரம் நின்றாள். "ரெஜி, வின்னி கட்டிலை எங்க போடறது?" என்றாள். "ஜன்னலை ஒட்டிப் போடலாம்" என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்குப் பிடிக்கல. வாடைக்காத்து அடிக்கும். சுவரோரம் போடுங்க" என்றாள். என் மூஞ்சிக்கு நேரே சொன்னாள், வின்னி.